தொண்ணூற்று நான்கரை பாகை

1

எங்கள் பாடசாலைக்கு இந்த வருடம் பவள விழா. விழா மலரைத் தொகுக்கும் மலர்க்குழுவின் செயலாளர், என்னிடம் விஞ்ஞானம் படித்தவர், வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். கடல் கடந்து வாழும் முன்னாள் ஆசிரியை என்ற வகையில் நான் ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்ப வேண்டுமாம். அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம். இனிய நினைவுகளாக இருந்தால் நல்லதாம்.

கூடவே ஒரு படம். புதுப் பெயின்ட் அடித்த விஞ்ஞான அறை, சுவரில் தோரணம் கட்ட அடித்த ஆணிகள். மூலையில் அதே பச்சை இரும்பு அலுமாரி நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் அதே பூட்டும் தொங்குகிறது.

இனிய நினைவுகளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த போனைச் சோபாவில் எறிந்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பாடசாலையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மலர்க்குழுவுக்கு அது தெரியும். மற்றவர்கள் தங்கள் ஊர்ப் பாடசாலையின் பெயரைப் போட்டுப் படித்தாலும் பெரிய பிழை வராது.

2

நான் கனடாவில் கல்கரி நகரத்தில் இருக்கிறேன். வந்து பதினொரு வருடம். கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறார். மகள் மிதுஷாவுக்குப் பதினைந்து வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் வாயில் தமிழ் வரும்.

செயலாளரின் செய்தி வந்த அதே வாரத்தில் மிதுஷா ஒரு தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து வெப்பநிலை பார்த்திருக்கிறார்கள். அட்டவணையில் குழாய்த் தண்ணீர் பதினொன்றில் தொடங்கி, கடைசி மூன்று வரியிலும் தொண்ணூற்றாறரை என்று இருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. அதன் பக்கத்தில் அவளுடைய ஆசிரியர் பச்சை மையில் சரி போட்டு, நன்றாகக் கவனித்திருக்கிறாய், புத்தகத்தில் நூறு என்று இருக்கிறதே, ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டிருந்தார். அவளும் கீழே பதில் எழுதியிருந்தாள். இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது, இங்கே காற்றின் அமுக்கம் குறைவு, ஆகவே தண்ணீர் முன்கூட்டியே கொதித்துவிடுகிறது. அதற்கும் முழுப் புள்ளிகள் கிடைத்திருந்தன.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இத ஒங்க டீச்சர் வெட்டலையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வெட்டணும்? அவ்வளவுதானே காட்டிச்சு" என்றாள் ஆங்கிலத்தில்.

"நூறுன்னு எழுதச் சொல்லலையா?"

"நூறு காட்டலையே அம்மா."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஒங்களுக்கு எல்லாமே தட்டுல வச்சிக் குடுக்குறாங்க, நீங்க பாத்தத எழுதினா சரி போடுறாங்க என்று சத்தம் போட்டேன்.

"நான் சரியாத்தானே செஞ்சேன்? அப்புறம் ஏன் எனக்கு ஏசுறீங்க?" என்று தமிழில் கேட்டுவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நியாயமான கேள்வி. ஏச வேண்டியது அவளுக்கு அல்ல.

3

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆறு வருடம் படிப்பித்தேன். நான் அதற்குக் கீழே கினிகத்தேனைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். கம்பசில் பௌதிகவியல் படித்து, நியமனக் கடிதத்தோடு மலை ஏறிப் போனேன். நான் போவதற்கு முன்பே ஏதோ ஒரு திட்டத்தில் அந்தப் பச்சை அலுமாரி வந்து சேர்ந்திருந்தது. உள்ளே பன்னிரண்டு வெப்பமானிகள், கலோரிமானிகள், முகவைகள், ஸ்பிரிட் விளக்குகள், அம்பியர்மானி, வோல்ற்றுமானி, சுருள் சுருளாகச் செப்புக் கம்பி. பலவற்றுக்குப் பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

சாவி அதிபரிடம். வருட முடிவில் பொருட்களை எண்ணிப் பார்க்க ஆட்கள் வருவார்கள். பதிவேட்டில் பன்னிரண்டு என்று இருந்தால் அலுமாரியிலும் பன்னிரண்டு இருக்க வேண்டும். ஒன்று உடைந்திருந்தால் விளக்கக் கடிதம், அதற்கு மேல் கடிதம், அதற்குப் பதில் கடிதம். உடையாமல் இருந்தால் யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பிள்ளைகள் தொட்டார்களா என்று எழுத அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை.

"பழுதில்லாம வச்சிருக்கோம்ல டீச்சர், அதுவே பெரிய விசயம்" என்பார் அதிபர். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர்.

ஆகவே நாங்கள் பரிசோதனையைச் சொல்லி எழுதவைத்தோம். முகவையைக் கரும்பலகையில் வரைவேன், கீழே விளக்கை வரைவேன், பிறகு வாசிப்புகளைச் சொல்வேன். ஆரம்ப வெப்பநிலை முப்பது. இரண்டு நிமிடத்தில் நாற்பத்து நான்கு. நான்கு நிமிடத்தில் ஐம்பத்தொன்பது. இப்படியே போய்க் கடைசியில் நூறு, நூறு, நூறு. பிள்ளைகள் அவதானம் என்று தலைப்புப் போட்டு, கோடு கீறி, அழகாக எழுதிக்கொள்வார்கள். எதையும் அவதானிக்காமலே. இந்த எண்களை நான் கண்டுபிடிக்கவில்லை. என்னைப் படிப்பித்த சேர் எங்களுக்குச் சொன்னவை. என் பழைய கொப்பியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவருக்கு யார் சொன்னார்களோ.

முப்பது பாகையாம்! டயகமவில் மலை ஊற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். தை மாதக் காலையில் தேயிலைக் கொழுந்து பனியில் கருகிக் கிடக்கும். அங்கே தண்ணீர் முப்பதில் தொடங்குகிறது என்று நான் ஆறு வருடம் வாய் கூசாமல் சொன்னேன், விரல் மரத்த பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மின்சாரப் பாடமும் அப்படித்தான். அம்பியர்மானி பூச்சியம் தசம் மூன்று காட்டுகிறது என்று நான் சொன்னால் காட்டியதாக எழுதுவார்கள். கீழே எங்கள் ஆறுகளை மறித்து அணை கட்டி நாட்டுக்கே மின்சாரம் எடுத்தார்கள். எங்கள் லயங்களுக்கு அது கடைசியில்தான் வந்து சேர்ந்தது, இப்போதும் காற்றுக்கு ஒரு மரம் சாய்ந்தால் ஊரே இருட்டு. அந்த மலையின் பிள்ளைகள் ஒரு பட்டரியையும் பல்பையும் கம்பியால் இணைத்துப் பார்க்காமலே ஓமின் விதியை மனப்பாடம் செய்தார்கள்.

4

லோகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரம் பதினொன்றில் முன் வாங்கில் இருந்தவள். அம்மா கொழுந்து பறிப்பவர். பள்ளிக்கூடம் விட்டதும் லோகேஸ்வரி நேரே கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போவாள். தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து அம்மாவுக்குச் சத்தமாகச் சொல்வாள். முள் இருபது காட்டினால் தண்ணீருக்கு, கூடைக்கு என்று கழித்துத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். இவள் பக்கத்தில் நின்று இருபது, இருபது என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம். அவருக்கு இவளைக் கண்டால் ஆகாது.

அந்த வருடம் எங்கள் பாடசாலைக்கு, தரம் பதினொன்றுக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் உயர்தர விஞ்ஞான வகுப்புக் கேட்டிருந்தோம். வந்தால் எங்கள் பிள்ளைகள் லயத்திலிருந்து நடந்து வந்தே பௌதிகவியல் படிக்கலாம். வராவிட்டால் ஹட்டனுக்குப் போய் விடுதியில் நிற்க வேண்டும். லோகேஸ்வரிக்கு அது நடக்காத காரியம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தகுதி பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆசிரிய ஆலோசகர் வருவதாக அறிவித்தார்கள். அன்றைக்குத்தான் அலுமாரி திறந்தது. அதிபர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

ஆறு குழு. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொதிநிலை காண வேண்டும். கொப்பியில் உள்ளது போலவே வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அந்தப் புத்திமதியும் என்னுடையதுதான். ஐந்து குழு நூறு என்று எழுதியிருந்தது. லோகேஸ்வரியின் தாளில் 94.5.

"இது என்ன?" என்றார் ஆலோசகர்.

"தொண்ணூத்தி நாலரைங்க சேர்."

"தண்ணி எத்தனையில கொதிக்கும்?"

"பொத்தகத்துல நூறுங்க. ஆனா இதுக்கு மேல ஏற மாட்டேங்குது. மூணு தரம் பாத்தேன். நீங்களும் பாருங்க சேர்."

அவர் பார்க்கவில்லை. வெப்பமானி ஒரு முழத் தூரத்தில் இருந்தது, தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, குனிந்தால் போதும். அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன டீச்சர், வெப்பமானி பாக்கத் தெரியாத தோட்டத்துப் புள்ளைங்கள வச்சிக்கிட்டா உயர்தர வகுப்பு கேக்குறீங்க?" அவரும் லயத்தில் பிறந்தவர்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானும் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். 94.5ஐ வெட்டி மேலே 100 என்று எழுதினேன். "வெப்பமானியில ஏதோ பழுது, நூறுன்னு எழுதிக்கோ" என்றேன். லோகேஸ்வரி தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

பௌதிகவியல் பட்டதாரி நான்! உயரம் கூடினால் அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று அதே வகுப்பில் அதே வாயால் படிப்பித்தவள். உயரமான மலைகளில் என்று சொல்லும்போதெல்லாம் பனி மூடிய ஏதோ தூரதேசத்து மலைதான் மனதில் வந்தது. மலையகம் என்று பெயர் வைத்துக்கொண்டு, முகில் வகுப்பறைக்குள் வந்து போகும் இடத்தில் நின்றுகொண்டு, நாங்கள் நிற்பதும் மலைதான் என்று உறைக்கவில்லை. புத்தகத்தில் வருவது எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது என்றே நானும் படித்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வாடகை அறையில் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் வேகவில்லை. வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்து, "கினிகத்தேன மாதிரி இல்லம்மா, இங்க எது வேகவும் வெறகு கூட வேணும்" என்றார். அவர் வருடக்கணக்காகச் சொல்லிவருவதுதான். அன்றைக்குத்தான் காதில் ஏறியது. அகப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அதிபரிடம் ஓடினேன். "சேர், அந்தப் புள்ள எழுதினதுதான் சரி. நாமதான் பிழை."

"இப்ப போயி அவருக்குப் பாடம் நடத்தப் போறீங்களா?" என்றார் அதிபர். "ஒங்க மாறுதல் பேப்பரும் அங்கதான் இருக்கு டீச்சர். பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். அதைக்கூட மன்னிக்கலாம். வகுப்புக்குப் போய் லோகேஸ்வரியிடமாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அவள் அதன் பிறகு இரண்டு மாதம் என் முன்னால்தான் இருந்தாள். சொன்னால் வகுப்பே கேட்கும், வெளியே போகும், ஆலோசகர் காதுக்கு எட்டும் என்று பயந்தேன். விஞ்ஞான வகுப்பு வரவில்லை. அந்த ஒரு எண்ணால்தான் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆசிரியர் பற்றாக்குறை என்று வேறு காரணமும் சொன்னார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அளக்கத் தெரியாது என்பதற்கு எங்கள் கொதிநிலையைத்தான் உதாரணமாக எழுதியிருந்தார்கள். லோகேஸ்வரி தரம் பதினொன்றின் முடிவில் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தாள். அத்தோடு படிப்பு நின்றது.

5

எனக்கு மாறுதல் கிடைத்தது. பிறகு கனடாவும் கிடைத்தது. இங்கே ஆசிரியராக முடியுமா என்று விண்ணப்பித்தேன். ஒரு படிவம் வந்தது, அதை நிரப்பினால் இன்னொன்று. எட்டு மாதத்துக்குப் பிறகு, நீங்கள் மாணவர்களுக்கு நடத்திய ஆய்வுகூட மணித்தியாலங்களைப் பாடசாலை உறுதிப்படுத்த வேண்டும் என்று கடிதம். அதிபரிடம் கேட்டிருந்தால் தாராளமாக எழுதித் தந்திருப்பார். நான் கேட்கவில்லை. படிவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஒவ்வொரு வேளையும் சூப்பிலும் இறைச்சியிலும் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, கதவில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தத் தாளை அழகாக நிரப்பினேன். காலை, பகல், இரவு, எல்லாக் கட்டமும், நல்ல நல்ல எண்கள். என் மேற்பார்வையாளர், பிலிப்பைன்ஸ்காரி, தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இரவுச் சூப் இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லையே. நீ எப்படி எழுதினாய்?"

என்ன சொல்வது? எங்கள் ஊரில் அப்படித்தான், அவதானத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றி யோசிப்போம் என்றா? அவர் தாளைக் கிழித்துப் புதிதாக ஒன்று தந்தார். எண் குறைந்தால் குறைந்ததையே எழுது, அப்போதுதான் என்ன பிழை என்று பார்க்கலாம் என்றார். கிழவர்களின் சூப்புக்குக் கிடைத்த அந்த மரியாதை லோகேஸ்வரிக்குக் கிடைக்கவில்லை.

6

செயலாளரிடம் லோகேஸ்வரியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கினேன். சனிக்கிழமை காலை அழைத்தேன். அங்கே மாலை. ஹட்டனில், எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் மின்சாமான் கடையில் வேலை செய்கிறாளாம். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"டீச்சரா! எப்படி இருக்கீங்க? மிதுஷா பாப்பா பெருசாயிருக்குமே?"

நான் நேரே விசயத்துக்கு வந்தேன். அன்றைக்கு நீ எழுதியதுதான் சரி, நான்தான் பிழையாக வெட்டினேன் என்றேன். மன்னித்துக்கொள் என்றேன்.



"தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி கடைக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற புது மாடல் கேத்தல் வந்துச்சுங்க. சூடு எவ்வளவுன்னு நம்பர்ல காட்டும். வாங்கிட்டுப் போன ஆளுங்க எல்லாம் திரும்பக் கொண்டாந்துட்டாங்க. நூறு காட்டவே மாட்டேங்குது, தொண்ணூத்தாறுலயே நிக்குது, தானா ஆஃப் ஆகவும் மாட்டேங்குதுன்னு. நானா எல்லாத்தயும் பெட்டி கட்டித் திருப்பி அனுப்பப் பாத்தாரு. நான்தான் சொன்னேன், கேத்தல்ல ஒரு கொறையும் இல்ல நானா, நாம ஒசரத்துல இருக்கோம், இங்க தண்ணி இவ்வளவுதான் சூடாகும், தொண்ணூத்தஞ்சுல வச்சா தானா ஆஃப் ஆகும்னு. வச்சிக் காட்டுனேன். அப்புறம் எல்லாம் வித்துப்போச்சு."

"அது ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? டயகமவுல தொண்ணூத்தி நாலரை. ஹட்டன் கொஞ்சம் எறக்கம், தொண்ணூத்தாறு. அப்ப கொழும்புலதான் நூறா இருக்கணும். அன்னைக்கு நான் பாத்தது என் கண்ணுலயேதானே இருக்கு டீச்சர்."

ஒரு கேத்தலையும் ஒரு பழைய வாசிப்பையும் வைத்துக்கொண்டு இந்தப் பெண் தானாகவே அந்த விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள். இவளுக்குத்தான் அளக்கத் தெரியாது என்று எழுதினோம்.

"ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?" என்றாள். "அன்னைக்கு ஒங்களுக்கு வெப்பமானி மேல நம்பிக்கை இல்லையா, இல்ல எம்மேல நம்பிக்கை இல்லையா?"

வெப்பமானியை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்றேன்.

"நிறுவையில கொறச்சி எழுதுவாங்க. நீங்க கூட்டி எழுதுனீங்க. ரெண்டுமே நாங்க பாத்தது இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு அவளே பேச்சை மாற்றுவது போலச் சொன்னாள். "எங்க கடைசித் தங்கச்சி இப்ப அங்க தரம் பத்து. போன வாரம் கொதிநிலை செஞ்சாங்களாம். கொப்பிய வாங்கிப் பாத்தேன். முப்பது, நாப்பத்தி நாலு, அம்பத்தொம்பது. கடைசியில நூறு, நூறு, நூறு."

என்னுடைய எண்கள்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்னங்க டீச்சர் ஆகப்போகுது? அங்க சொல்லுங்க" என்றாள் லோகேஸ்வரி. கடை பூட்ட நேரமாகிவிட்டது என்று போனை வைத்தாள்.

மிதுஷா படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, "அந்த அக்கா இப்ப என்ன படிக்கிறாங்க?" என்று தமிழில் கேட்டாள். படிக்கவில்லை, கடையில் கேத்தல் விற்கிறாள் என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளை உட்காரவைத்து, இதுவரை மேலே எழுதியதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

7

மலர்க்குழுவினருக்கு.

இதுதான் என் வாழ்த்துச் செய்தி. விழாவன்று மேடையில் குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன் அந்த அலுமாரியின் பூட்டைக் கழற்றுங்கள். இரண்டு வெப்பமானி உடையட்டும், நாலு பல்பு கருகட்டும். விளக்கக் கடிதம் கேட்டால் என் பெயரைக் கொடுங்கள், நான் இங்கிருந்து எழுதி அனுப்புகிறேன். முப்பது, நாற்பத்து நான்கு, ஐம்பத்தொன்பது என்ற அந்த எண்களை நான்தான் அங்கே கொண்டுவந்தேன். அவை பொய். இனி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பீலித் தண்ணீரை எடுத்து வந்து பிள்ளைகளே அளக்கட்டும்.

அரைப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன் என்று தெரியும். இடமில்லாவிட்டால் மேலே உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். கீழே உள்ள ஒரு வரியை மட்டும் போடுங்கள். அதை வெட்ட வேண்டாம், ஏற்கனவே ஒரு தடவை வெட்டியாயிற்று.

தரம் பதினொன்று, லோகேஸ்வரி. நீரின் கொதிநிலை: 94.5. சரி.